முக்கால் வாட்

"தட்டுக்கு இறங்கிட்டீங்களா அத்தான்? அளக்கப் போறேன்."

வாக்கி டாக்கியில் முதலில் காற்றின் இரைச்சல்தான் வந்தது. அதன் பின்னால் அத்தானின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி.

"இறங்கியாச்சு. அளந்துக்கோ. இந்தத் தடவையாவது நல்ல சேதியாச் சொல்லு."

அவன் ரேடியோவின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தான். படகுக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை அது. ஒரு நீள மேசை, ஒரு ரேடியோ, சுவரில் தீவுகளின் வரைபடம், ஜன்னலுக்கு வெளியே நூறடி உயரக் கம்பம். கம்பத்தின் பாதி உயரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புத் தட்டு ஒன்று உண்டு. உச்சியில் ஆண்டெனாவின் கவ்வியை நகர்த்திவிட்டு அத்தான் அந்தத் தட்டு வரைக்கும் இறங்கி வந்தால்தான் கீழே அளக்க முடியும். பக்கத்தில் ஆள் இருந்தால் அளவு பொய் சொல்லும், ஆளுக்கும் கெடுதல். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் இறக்கம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் ஏற்றம்.

"ஒண்ணு புள்ளி ஒம்போது," என்றான். எண் ஒன்றை நெருங்க நெருங்க நல்லது.

"முதல்ல எவ்வளவு இருந்துச்சு?"

"ரெண்டு புள்ளி ஆறு."

"அப்ப நல்லாத்தானே இறங்குது. என்னை மாதிரியே."

மேசையில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். படகுகளோடு நாளெல்லாம் ரேடியோவில் பேசுவது அவள் வேலை. ரேடியோ பழுதாகிக் கிடந்த நான்கு நாட்களாகக் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படகோட்டியிடமும் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தாள்.

"புது கேபிள் போட்டாச்சு, ஆண்டெனா மாட்டியாச்சு. இன்னும் என்ன சார் அளந்துக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கேபிள் ஐம்பது ஓம். கேபிளுக்கு ஆண்டெனாவும் ஐம்பது ஓமாத் தெரியணும். தெரியலேன்னா அனுப்புற பவர்ல ஒரு பங்கு ஆண்டெனாவோட வாசல்லயே முட்டிட்டுத் திரும்பி வந்துடும்," என்று அவன் ஆரம்பித்தான். இந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல அவனுக்கு வராது. வாக்கி டாக்கி திறந்திருந்ததால் அத்தானுக்குக் கேட்டுவிட்டது.

"புருஷன் பொண்டாட்டி மாதிரிம்மா," என்றார் மேலேயிருந்து. "ரெண்டு பேரும் ஒத்துப்போனா சொன்னது போய்ச் சேரும். ஒத்துப்போகலேன்னா சொன்னதுல பாதி திரும்பி வந்து நம்ம மூஞ்சிலயே விழும். நாம சூடாகி உட்கார்ந்திருக்கணும். என் மச்சினனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அதனால ஓம்னு சொல்றான்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அத்தான் எங்கே போனாலும் கால் மணி நேரத்தில் அந்த இடத்து ஆளாகிவிடுவார். அவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். "படிச்சவன் கீழ நிக்கிறான், படிக்காதவன் நூறடி மேல நிக்கிறேன். இதெல்லாம் நியாயமா?" என்று தெரியாதவர்களிடமெல்லாம் கேட்பார். புகைபோக்கிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அவர். மச்சினன் டிப்ளமா முடித்து ஆண்டெனா வேலையை ஆரம்பித்தபோது, மேலே ஏற வேறு ஆள் தேட வேண்டாமென்று தன் வேலையை விட்டுவிட்டு வந்தார். பதினோரு வருஷம் ஆயிற்று. இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று.

மூன்றாவது தடவை கவ்வியை நகர்த்திவிட்டுத் தட்டில் நிற்காமல் தரை வரைக்குமே இறங்கிவிட்டார். அவன் அளந்தான். ஒன்று புள்ளி நான்கு.

ஒன்றரைக்குக் கீழே வந்தால் போதும் என்பது ஒப்பந்தம். ஒன்று நான்கு என்றால், போகிற இருபத்தைந்து வாட்டில் முக்கால் வாட்கூடத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். கடலில் இருக்கிற எந்தப் படகுக்கும் அந்த முக்கால் வாட் வித்தியாசம் தெரியப் போவதில்லை. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காலையில் வந்ததும் கம்பெனியின் பழைய பதிவேட்டைப் புரட்டியிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பத்தில் வேலை பார்த்த யாரோ ஒருவர் அதில் ஒன்று புள்ளி மூன்று என்று எழுதி, நீட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழ் வரியில்தான் இன்றைய அளவு ஏற வேண்டும்.

அவன் வெளியே வந்தான். காலியான கேபிள் உருளைமேல் அத்தான் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு?"

"ஒண்ணு நாலு."

"ஒண்ணரை போதும்னு நீதானே சொன்னே. அப்புறம் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?"

பதிவேட்டைப் பற்றிச் சொன்னான். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையால் இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் நீவிவிட்டுக்கொண்டார்.

"கை என்னமோ மரத்த மாதிரி இருக்குடா. இங்கேருந்து இழுக்குது."

"கயித்தையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கீங்க. அதான்."

"அதான் போல." கொஞ்ச நேரம் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "மிச்சத்தை நாளைக்கு வந்து பண்ணிக்கலாமா?"

"நாளைக்கு வேற இடம் ஒத்துக்கிட்டிருக்கோம் அத்தான். நகக்கண் அளவு கீழ தள்ளினாப் போதும், முடிஞ்சிடும். ஒரே ஒரு தடவை."

அத்தான் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். "முகம் கழுவிட்டு வந்துடறேன்," என்று எழுந்து கட்டடத்துக்குப் பின்பக்கம் போனார். ஐந்து நிமிஷம் கழித்து ஈர முகத்தோடு வந்தார். இடுப்பு வாரை மாட்டிக்கொண்டார்.

"நீ விடமாட்டே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஏணியில் ஏறும்போது அவர் இரண்டு இடத்தில் நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் நடுவில் நின்று அவன் பார்த்ததில்லை. அவன் ஜன்னலருகில் நின்று அதைப் பார்த்தான். கவனிக்கவில்லை என்று பிறகு தனக்கே சொல்லிக்கொள்ள முடியாதபடி நன்றாகவே பார்த்தான்.

அவர் தட்டுக்கு இறங்கியதும் பொத்தானை அழுத்தினான். போகிற பவரைக் காட்டும் முள் எழுந்தது. திரும்பி வருவதைக் காட்டும் முள் படுத்த இடத்திலிருந்து அசையவே இல்லை.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு அத்தான்."

முதலில் மூச்சிரைப்புத்தான் கேட்டது.

"சந்தோஷமா?" என்று மட்டும் கேட்டார்.

அவன் பதிவேட்டில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்தபோது அத்தான் வேனின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் ஓட்டுவது அவர்தான். சாவியை நீட்டி, "நீ ஓட்டு," என்றார்.

வழியெல்லாம் கதவுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். நெற்றியில் வேர்வை நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு சிக்னலில் அவன் திரும்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்க வாயெடுத்தான். பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தான்.

"அடுத்த தடவை குட்டைக் கம்பமாப் பார்த்து ஒத்துக்கோ," என்றார் அத்தான் கண்ணைத் திறக்காமல். அவர் பேசி அவன் கேட்டது அதுதான் கடைசி.

வீட்டில் கீழ்த்தளத்தில் அக்காவும் அத்தானும் அவர்கள் மகளும். மாடியில் ஒற்றை அறையில் அவன். சாப்பாடு, டீ எல்லாம் கீழேதான். அன்று அவன் வேனை நிறுத்திவிட்டு வருவதற்குள், சாப்பாடு வேண்டாம், கொஞ்சம் படுக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அத்தான் உள்ளறைக்குப் போயிருந்தார். அவன் மட்டும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையை எழுத மாடிக்குப் போனான். பாதிப் பக்கம் எழுதியிருப்பான்.

அக்கா கத்தவில்லை. படிக்கட்டின் அடியிலிருந்து, "தம்பி, கொஞ்சம் கீழ வா," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதுமே பேனாவை மூடாமல் இறங்கி ஓடினான்.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தவாறே அத்தான் பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். ஒரு காலில் காலுறை கழற்றியிருந்தது. இன்னொன்றைக் கழற்றப் போனபோது ஆகியிருக்க வேண்டும். அவன் அவரைத் தூக்கி வேனில் போட்டான். அக்கா பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவரை இறக்கும்போது, காலில் மிச்சமிருந்த காலுறையை மெல்ல உருவி, சுருட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வாசலிலேயே இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயது, இதைச் சொல்வதற்கு இன்னும் பழகாதவர் போலத் தெரிந்தது. கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று இரண்டு மூன்று விதமாகச் சுற்றிச் சொன்னார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, எழுதியாக வேண்டுமே என்பதுபோலக் கேட்டார்.

"காலைலேருந்து ஏதாவது சொன்னாரா? நெஞ்சு வலி, கை வலி, மரத்துப்போற மாதிரி... அந்த மாதிரி?"

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல," என்றான் அவன்.

"ஒண்ணுமே சொல்லலையா? காலைல யார் கூட இருந்தாரு?"

"என் கூடத்தான். ஒண்ணும் சொல்லலை. நல்லாத்தான் இருந்தார். சிரிச்சுப் பேசிட்டிருந்தார்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "சில பேருக்கு இப்படித்தான், அறிகுறியே இல்லாம வந்துடும். அறிகுறி இருந்து, அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..." என்றவர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அக்கா இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் கல்லூரியிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்த மகள் வராந்தாவின் கோடியில் தென்பட்டாள். தோளில் பை, ஒரு கையில் இன்னும் குடை. அக்கா அவளை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை வீட்டுக்கு முன்னால் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தது. கூடத்தில் அத்தான் கிடந்தார். முகத்தைத் துடைத்துத் தலை வாரியிருந்தார்கள். வகிடு தவறான பக்கம் எடுத்திருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவன் கையைத்தான் முதலில் பிடித்தார்கள். இனிமேல் நீதான் என்றார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவனையும் தன் பிள்ளையாகவே வளர்த்த மனுஷன் என்று அவனிடமே சொல்லி அழுதார்கள். பொய்யில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போவதானால்தான் கல்யாணம் என்று அக்கா சொன்னாளாம். "நான் ஒண்ணு கேட்டேன், ரெண்டு கிடைச்சுது," என்று அத்தான் இருபத்திரண்டு வருஷமாக அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் படகுக் கம்பெனியின் மேனேஜர் வந்தார். கூடவே அந்தப் பெண். மேனேஜர் அத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கடைசியாப் பார்த்த வேலை சாதாரண வேலை இல்லை. நேத்து சாயங்காலம் கடைசித் தீவுலேருந்து எங்க படகு பேசுச்சு. அங்கேருந்து இதுவரைக்கும் ஒழுங்காக் கேட்டதே கிடையாது. நேத்து பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி கேட்டுது. படகோட்டியே நம்பலை. மூணு தடவை கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டான்."

அக்கா தலையசைத்தாள்.

அது புதுக் கேபிளால் வந்தது. ஒன்று நான்கில் விட்டிருந்தாலும் அப்படியேதான் கேட்டிருக்கும். இரண்டு நாற்காலி தள்ளி நின்ற அவன் அதைச் சொல்லவில்லை. மேனேஜர் திரும்பி அவன் தோளைத் தட்டினார்.

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா சிரிக்க வச்சாருங்க என்னை. அவ்வளவு உயரம் நாலு தடவை ஏறி இறங்கியும் ஒரு சலிப்பு இல்ல. கடைசித் தடவைக்கு முன்னாடி அந்த உருளை மேல உட்கார்ந்து கையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. சரி, வேலை முடிஞ்சுதுன்னு நான் டீ சொல்லி விட்டேன். டீ வர்றதுக்குள்ள திரும்ப ஏறிட்டாரு."

அக்கா அவளைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"டீ குடிக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. ஆறிப்போச்சு."

பதினொன்றரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் தூக்கினான். பெட்டியின் தலைமாட்டில் வலது பக்கம் அவன் தோள். கனம் முழுக்க அந்தப் பக்கமே இறங்கியதுபோல இருந்தது. பாதி வழியில் பின்னால் வந்த ஒருவர், "மாத்திக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றான். தோள் எலும்பில் மரம் உரசி உரசித் தோல் உரிந்துவிட்டது. அது அவனுக்குப் போதவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி மூன்று. நாற்காலிக்காரன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். மகள் அழுது ஓய்ந்து கூடத்துத் தரையிலேயே தூங்கிவிட்டிருந்தாள். வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை. அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து வைத்த பாத்திரங்களை எது எந்த வீட்டுடையது என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாசற்படியில் நின்றான். நேற்று பகலிலிருந்து சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்ததை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா," என்றான்.

"உட்காரு."

உட்கார்ந்தான். அவள் ஒரு மூடியை எடுத்து இரண்டு பாத்திரங்களுக்கு வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் பொருந்தவில்லை. கீழே வைத்தாள்.

"நேத்து பத்தரை மணி இருக்கும். எனக்கு ஃபோன் பண்ணினார்," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"முகம் கழுவப் போறேன்னு சொல்லிட்டு வந்து பேசுறேன்னார். கை வலிக்குது, மூச்சு முட்டுற மாதிரி இருக்குன்னார். வீட்டுக்கு வந்துடுங்க, தம்பிகிட்ட சொல்லுங்கன்னேன். சொல்லிட்டேன்னார்."

வெளியே நாற்காலிகள் மோதும் சத்தம் கேட்டது.

"ஏதோ நோட்டுல எவனோ ஒருத்தன் எழுதி வச்சிருக்கானாம், அதைவிடக் கம்மியா எழுதணும்னு தம்பி ஆசைப்படுறான், ஒரு தடவை ஏறிட்டு வந்துடறேன்னார். நான் வேண்டாம்னேன். சின்னப் பயலாட்டம் முகத்தை வச்சிக்கிட்டு நிக்கிறான், எனக்கு மனசு வரலைன்னார். வச்சுட்டார். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன், கொஞ்சம் படுத்தாச் சரியாயிடும்னார்."

அவளுடைய விரல்களையே பார்த்தான். அவை அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துணியால் துடைத்தன.

"அப்ப டாக்டர் கேட்டப்ப..." என்றான். "நீ ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

அவ்வளவுதான். அவள் குரலை உயர்த்தவில்லை. அவள் திட்டுவாள், அடிப்பாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று அவன் காத்திருந்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு இல்லை என்று சாதித்தபோது தென்னந்துடைப்பத்தால் விளாசியவள்தான். அடித்த கையாலேயே அன்று சோறு பிசைந்து ஊட்டினாள். இன்று துடைத்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா, டாக்டர்கிட்ட நான் இப்பப் போய்..."

"போய்?"

அவன் கீழே கிடந்த மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்," என்றாள் அக்கா. "அவளுக்கு அப்பாவும் இல்லை. மாமாவாவது இருக்கட்டும்."

தூக்கத்தில் மகள் என்னவோ முனகினாள். அக்கா எழுந்து கூடத்துக்குப் போனாள். அவன் அந்தப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் அவள் காலில் விழலாம். விழுந்தால் தூக்கிவிடுவாள், அதுவும் தெரியும். தூக்கிவிட்டுப் பழையபடி வேலையைப் பார்ப்பாள். அவன் விழவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவன் மாடியைவிட்டு இறங்கவில்லை. மகள்தான் தட்டில் சாப்பாடு கொண்டுவந்தாள். அப்பா எந்தக் கம்பத்தில் என்ன சொன்னார், எங்கே யாரைச் சிரிக்கவைத்தார் என்று கேட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னான். ஒவ்வொரு கதையாகச் சொல்லிக்கொண்டே வந்து, படகுக் கம்பெனிக்கு முந்தைய வேலையில் நிறுத்திக்கொண்டான். "கடைசியா என்ன பேசினாரு மாமா?" என்று கேட்டாள். குட்டைக் கம்பமாகப் பார்த்து ஒத்துக்கொள்ளச் சொன்னதைச் சொன்னான். அவள் சிரித்துவிட்டு அழுதாள். அவன் தோளில்தான் சாய்ந்து அழுதாள். தோல் உரிந்த இடத்தில் அவள் நெற்றி பட்டு எரிந்தது. அவன் நகரவில்லை.

மூன்றாம் நாள் காலை கீழே இறங்கினான். கூடத்தைப் பெருக்கித் துடைத்திருந்தது. சமையலறையில் அடுப்புச் சத்தம் கேட்டது. வழக்கம்போல நேராக உள்ளே போக ஓர் அடி வைத்தான்.

"அங்கயே உட்காரு, கொண்டு வர்றேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கூடத்துச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். அக்கா டீ கொண்டுவந்தாள். விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பை, அடியில் தட்டு. குனிந்து அவன் முன்னால் வைத்தாள். ஒன்பது வயதிலிருந்து அவள் கையால் குடித்து வளர்ந்தவன் ஒரு வாய் குடிக்கும் வரைக்கும் நின்றாள்.

"சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்," என்றான்.

கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதற்காக அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.